இலை நிறுக்கும் கொட்டகையிலிருந்து, பண ஆலோசனை சொல்லும் ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம்.

கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியிலிருந்து (எங்கள் மலையில் சிற்றூரை அப்படித்தான் சொல்வோம்) இதை எழுதுகிறேன். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் 31 ஆண்டுகள் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் தளத்தின் பெயரை இம்மடலில் நான் எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஊரறியப் பெயர் சொல்லிப் பழிப்பது என் நோக்கமும் அன்று. நுகர்வோரின் பணத்துக்குக் காவலாக எழுதிவந்த நீங்கள் இரண்டு ஆண்டுகளாக ஆசிரியப் போக்கை மாற்றி வருகிறீர்கள். அந்த மாற்றத்தைப் பற்றி வாசகரிடம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. என் மனக்குறை முதலாவதைவிட இரண்டாவதைப் பற்றியதே.

எங்கள் ஹட்டியின் முகப்பில் இலை நிறுக்கும் கொட்டகை ஒன்று உண்டு. பறித்த பசுந்தேயிலையைச் சாக்கில் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தொழிற்சாலையின் இலை வண்டி வரும்வரை பெண்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். சில நாள் அரை மணி நேரம்; மழையில் சாலையில் மண் சரிந்தால் இரண்டு மணி நேரம். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, உங்கள் கட்டுரை ஒன்றைக் கோத்தகிரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தில் அச்செடுத்து, அந்தக் கொட்டகையின் தகரச் சுவரில் ஒட்டினேன். ஒரே வாரத்தில் மூடுபனியின் ஈரத்தில் தாள் நமுத்துச் சுருண்டுவிட்டது. அடுத்ததைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஆணியில் தொங்கவிட்டேன். அதன் பிறகு மாதம் ஒன்றாக, ஏறத்தாழ எழுபது கட்டுரைகள் அந்த ஆணியில் தொங்கியிருக்கின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பதில் தெரியாதபோது என் வீட்டுக்கு ஆள் வரும்.

அவற்றுள் அதிகம் பேசப்பட்டது பிளாட் வட்டி பற்றிய கட்டுரை. 60,000 ரூபாய் வண்டிக் கடன், மூன்று ஆண்டுத் தவணை, பத்து விழுக்காடு பிளாட் வட்டி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டியிருந்தீர்கள். வட்டி 18,000, மொத்தம் 78,000, மாதத் தவணை ஏறத்தாழ 2,167 ரூபாய். காதுக்குப் பத்து விழுக்காடுதான் கேட்கிறது. ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வரும்போதும் வட்டி மட்டும் கடைசி மாதம்வரை முழு 60,000 ரூபாய்க்கே கணக்காவதால், குறையும் பாக்கியின்மேல் பார்த்தால் அது ஏறத்தாழ 18 விழுக்காடு. என் மகனின் வண்டிக்கு இதே முறையில் கடன் வாங்கி முடித்த பிறகுதான் அக்கட்டுரை என் கண்ணில் பட்டது என்பதையும், 31 ஆண்டு பேரேடு எழுதிய எனக்கே அது அன்றுவரை உறைக்கவில்லை என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் கடன் வாங்குபவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்து, அது புதிய சில்லறைத் தவணைக் கடன்கள் அனைத்துக்கும் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1-இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எங்கள் கொட்டகைப் பெண்கள் கடன் கொடுக்க வந்தவரிடம் "இது பிளாட்டா, குறையிற வட்டியா?" என்று கேட்கப் பழகிவிட்டார்கள். அந்தப் பெருமை முழுக்க உங்களுடையது.

சேமிப்பும் காப்பீடும் சேர்ந்த பாலிசிகளைப் பற்றிய கட்டுரையும் அப்படித்தான். ஆண்டுக்கு 25,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டு கட்டினால் 9,20,000 ரூபாய் கிடைக்கும் என்று முகவர் சொல்லும்போது, ஐந்து லட்சம் கட்டி ஒன்பது லட்சம் வாங்குகிறோம் என்று மனம் குளிர்ந்துபோகிறது. அந்த ஒன்பது லட்சத்துக்குள் இருப்பது ஆண்டுக்கு ஐந்தரை விழுக்காட்டு வளர்ச்சி மட்டுமே என்பதையும், அஞ்சலகத்திலேயே பிபிஎஃப் எனும் பொது வருங்கால வைப்புநிதிக் கணக்கில் 7.1 விழுக்காட்டில் அதே பணம் அதே இருபது ஆண்டில் ஏறத்தாழ 11,10,000 ஆகும் என்பதையும் அருகருகே எழுதிக் காட்டினீர்கள். உயிருக்குக் காப்பு வேண்டுமென்றால், சேமிப்பு கலக்காமல் காப்பு மட்டும் தரும் டேர்ம் பாலிசி தனியாக எடுங்கள், சேமிப்பைத் தனியாகச் செய்யுங்கள், இரண்டையும் ஒரே சாக்கில் கட்டித் தருபவரிடம் வாங்க வேண்டாம் என்று முடித்திருந்தீர்கள். அந்த "வேண்டாம்" என்ற சொல்லுக்காகவே உங்களைப் படித்தோம்.

எங்கள் பக்கத்துச் சில வீடுகளில் இன்றும் ஒரு தூக்குத் தராசு இருக்கும். இலை வண்டியில் வரும் தராசில் நம்பிக்கை இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. மழை நாளில் ஈர இலைக்கு எவ்வளவு எடை கழிக்கிறார்கள் என்பது தெரிய வேண்டுமே என்று, என் தாயார் சாக்கை வீட்டிலேயே ஒருமுறை தூக்கி நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். வாங்குபவரின் தராசு வாங்குபவருடையது, வீட்டுத் தராசு நம்முடையது. பணத்தைப் பொறுத்தவரை நீங்கள் எங்களுக்கு அந்த வீட்டுத் தராசாக இருந்தீர்கள்.

இப்போது என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறேன். சென்ற மூன்று மாதங்களில் நீங்கள் வெளியிட்ட கட்டுரைகளை வரிசையாக உட்கார்ந்து படித்தேன். கணக்கரின் பழைய வழக்கம் அது. கிரெடிட் கார்டுகளின் தரவரிசை, கைபேசிச் செயலி வழியே உடனடிக் கடன் தரும் நிறுவனங்களின் தரவரிசை, பங்குச் சந்தையோடு இணைந்த காப்பீடுகளின் தரவரிசை என்றே போகின்றன. ஒன்றில்கூட "வேண்டாம்" என்ற சொல் இல்லை. அந்த இடத்தில் "உங்கள் தேவைக்கேற்பத் தேர்ந்தெடுங்கள்" என்று இருக்கிறது. பல கார்டுகளில் பாக்கி வைத்தால் மாதத்துக்கு மூன்றரை விழுக்காடு, ஆண்டுக்கு 42 விழுக்காடு வட்டி ஏறுகிறது என்ற செய்தி ஒவ்வொரு கட்டுரையிலும் கடைசிக்கு முந்தைய பத்தியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. விண்ணப்பிப்பதற்கான பட்டன் மட்டும் ஒவ்வொரு பத்திக்கும் கீழே இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் தரகு இல்லாத நேரடித் திட்டம் 2013 ஜனவரி முதல் உண்டு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே நீங்கள்தான். இன்று உங்கள் பட்டனை அழுத்தினால் தரகு உள்ள திட்டத்துக்குத்தான் போய்ச் சேர்கிறோம். வாசகர் கேள்வி பதில் பகுதி நின்றுவிட்டது. விளக்கங்கள் காணொளியாகிவிட்டன, எங்கள் ஹட்டியில் கைபேசி அலைவரிசைக்காகக் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டியிருப்பதால் அவற்றில் பாதியை நாங்கள் பார்த்ததே இல்லை. அது சிறிய குறை, விடுங்கள்.

பெரிய குறை வேறு. நீங்கள் புதிய கட்டுரைகளை எழுதியதோடு நிற்காமல், பழைய கட்டுரைகளின் உள்ளே கை வைத்திருக்கிறீர்கள். முகவரி அதேதான், தலைப்பும் ஓரிரு சொல் தவிர அதேதான். உள்ளே இருப்பது மட்டும் வேறு. எந்தத் தேதியில் மாறியது, யார் மாற்றினார்கள், எதற்காக என்ற குறிப்பு எங்கும் இல்லை. ஒரு பேரேட்டில் எழுதியதைச் சுரண்டிவிட்டு மேலே எழுதினால் அதற்குத் தொழிற்சாலைக் கணக்கில் என்ன பெயர் என்பது எனக்குத் தெரியும். தவறென்றால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். பழையது படிக்கக் கூடியதாகவே இருக்க வேண்டும்.

இதனால் நேர்ந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஹட்டியில் எனக்குத் தங்கை மகள் முறையாகும் ஒரு பெண் இருக்கிறாள். முக்கால் ஏக்கர் தேயிலை; கணவர் மேட்டுப்பாளையத்துக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறார். இரவில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வேலை என்பதால், அவர் பேரில் ஒரு காப்பீடு எடுக்க வேண்டும், நல்லது எது மாமா என்று என்னிடம் கேட்டாள். காப்பீட்டைப் பற்றிய உங்கள் பழைய கட்டுரையின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதைப் படி, இதில் சொன்னபடி செய்" என்றேன். திறந்து பார்க்காமல் அனுப்பினேன். நான்கு முறை அச்செடுத்து ஆணியில் தொங்கவிட்ட கட்டுரை, வரிக்கு வரி எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. அதில் சொன்னபடியே அவள் செய்தாள். அதில் சொல்லியிருந்தது, சந்தையோடு இணைந்த காப்பீடு. சீட்டு எடுத்த பணத்தில் முதல் தவணையாக 50,000 ரூபாய் கட்டினாள். கிடைத்த காப்புத் தொகை ஐந்து லட்சம். பழைய கட்டுரையைப் படித்திருந்தால், அந்தத் தவணையில் கால் பங்குக்கும் குறைவான தொகையில் அதைப்போலப் பல மடங்கு காப்புள்ள டேர்ம் பாலிசியை அவள் விசாரித்திருப்பாள்.

இரண்டாம் தவணை ஜனவரியில் வந்தது. நீலகிரியில் ஜனவரி என்றால் உறைபனி. விடியும்போது தேயிலைச் செடியின் தலை வெள்ளையாக இருக்கும். வெயில் ஏறியதும் கருகிப் பழுப்பாகும். பிறகு பல வாரங்களுக்குக் கொழுந்து இல்லை. எங்கள் வருமானம் மாதச் சம்பளமன்று. குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் என்ன சராசரிக்குப் போயிற்று என்பதைக் கொண்டு தேயிலை வாரியம் மாதந்தோறும் பசுந்தேயிலைக்கு ஒரு விலையை அறிவிக்கும். அந்த விலையும் கையில் உள்ள இலையின் எடையும் சேர்ந்ததுதான் அந்த மாதத்து அடுப்பு. கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசாவது வேண்டும் என்று 2023-இல் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டிடம், விலை எதுவானாலும் பனி எவ்வளவு பெய்தாலும் குறித்த நாளில் 50,000 ரூபாய் கட்டு என்று சொல்லும் ஒரு பொருளை நல்லது என்று எழுதுகிறவர், அந்த வீட்டை நினைத்து எழுதவில்லை.

அவளால் கட்ட முடியவில்லை. சலுகை நாட்களும் கடந்த பிறகே என்னிடம் வந்தாள். பாலிசிப் பத்திரத்தைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது: இடையில் நிறுத்தினால் பணம் தனியொரு நிதிக்கு மாற்றப்படும், குறைந்தது நான்கு விழுக்காடு வட்டியோடு அங்கே கிடக்கும், ஐந்து ஆண்டு முடிந்த பிறகே கைக்கு வரும். அதைவிட வருத்தியது இன்னொன்று. உங்கள் பழைய கட்டுரையின் கடைசிப் பத்தியில், பத்திரம் கைக்கு வந்த பிறகு மனம் மாறினால் குறித்த நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று தடித்த எழுத்தில் எழுதியிருந்தீர்கள். இந்த அவகாசத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் எல்லா ஆயுள் பாலிசிகளுக்கும் 30 நாள் என்று ஆக்கிவிட்டது. வாசகருக்கு உரிமை கூடியிருக்கும் நேரத்தில், அதைச் சொல்லும் பத்தி உங்கள் கட்டுரையிலிருந்து காணாமற்போயிருக்கிறது. அந்த ஒரு பத்தி இருந்திருந்தால் முதல் மாதத்திலேயே அவள் தப்பியிருப்பாள். அதை நீக்கியவர் எதை எண்ணி நீக்கினார் என்று நான் ஊகிக்க விரும்பவில்லை. உங்கள் குழுவில் யாரேனும் எழுதிச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

என் பங்குக் குற்றத்தை நான் மறைக்கவில்லை. திறந்து பார்த்துவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். அவளிடம் அதைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். "நீங்க அனுப்பினீங்கன்னுதான் மாமா பத்திரத்தைப் படிக்காமலே கட்டினேன்" என்றாள். நான் உங்களை நம்பினேன், அவள் என்னை நம்பினாள். நம்பிக்கை கைமாறிக் கைமாறிப் போகும் பொருள் என்பதால்தான் பொதுவெளியில் எழுதுகிறேன்.

நீங்களும் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பதை அறியாதவன் அல்லன். வாசகர் காசு கொடுக்காமல் படிக்கும் ஒன்றை நடத்த வருமானம் எங்கிருந்தாவது வர வேண்டும். தரகு வாங்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் மார்ட்டின் லூயிஸ் என்பவர் 2003-இல் தொடங்கிய மணிசேவிங் எக்ஸ்பர்ட் என்ற பண ஆலோசனைத் தளமும் தரகு இணைப்புகளால்தான் நடக்கிறது. ஆனால் தரகு தரும் ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் அவர்கள் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடுகிறார்கள். தரகு இல்லாத இணைப்பையும் அதே கட்டுரையில் தருகிறார்கள். வேண்டியதை வாசகர் அழுத்திக்கொள்ளலாம். 2012-இல் அத்தளம் 8 கோடியே 70 லட்சம் பவுண்டு வரையான விலைக்கு ஒரு பெரிய விலை ஒப்பீட்டு நிறுவனத்திடம் கைமாறியபோது, ஆசிரியப் பணியில் வணிகம் தலையிடக் கூடாது என்ற நெறிமுறையும் எழுத்தில் சேர்ந்தே போனது. அமெரிக்காவில் 1936 முதல் நடக்கும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் விளம்பரமே வாங்குவதில்லை. சோதிக்கும் பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறது. அந்த அளவுக்கு உங்களால் முடியாது என்பது எனக்கும் தெரியும். நட்சத்திரக் குறி போட எவ்வளவு செலவாகும்?

சட்டத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் பணத் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2022-இன் விளம்பர வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. விளம்பரத்தைச் செய்திபோல வேடமிட்டுக் காட்டுவது 2023 நவம்பரில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளுள் ஒன்று. முதலீட்டு ஆலோசகர் ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனையும் சொல்லி, தரகுக்குப் பொருளும் விற்கக் கூடாது என்று, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2020-இலேயே பிரித்துவிட்டது. நீங்கள் பதிவு பெற்ற ஆலோசகர் அல்லர், எனவே அந்தக் கடைசி விதி உங்களைக் கட்டாது என்று உங்கள் வழக்கறிஞர் சொல்வார். சரியாகவும் இருக்கலாம். இருந்தாலும் அந்த விதி எதற்காக எழுதப்பட்டது என்பது, வாங்குபவரின் தராசிலேயே இலையை நிறுத்துக் கொடுத்துப் பழகிய எங்களுக்கு விளக்காமலே புரிகிறது.

நான் கேட்பது பழைய காலத்துக்குத் திரும்புங்கள் என்பதன்று. உங்கள் போக்கு மாறிவிட்டது என்றால், மாறிவிட்டது என்று முகப்பில் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். எங்களுக்கு ஏற்றதா என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். தரகு பெறும் பொருளென்றால் கட்டுரையின் முதல் வரியிலேயே சொல்லுங்கள். பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் வேண்டாம். எழுதிய கட்டுரையைத் திருத்தினால் திருத்திய தேதியையும் திருத்தத்தையும் குறியுங்கள். முற்றிலும் வேறாக எழுதினால் வேறு முகவரியில் எழுதுங்கள், பழையதைப் பழையதாகவே தேதியோடு விட்டுவையுங்கள். வட்டி விகிதம் காலாவதியாகியிருந்தாலும் கணக்குப் போடும் முறை காலாவதியாவதில்லை. கேள்வி பதில் பகுதியை மாதம் ஒருமுறையாவது நடத்துங்கள். காசுதான் இடர் என்றால் சந்தா கேளுங்கள். எங்கள் கொட்டகையில் பேசிப் பார்த்தேன். ஆண்டுக்கு ஆளுக்கு 200 ரூபாய் கொடுக்க 23 பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். 4,600 ரூபாயில் உங்கள் அலுவலகத்தின் ஒரு நாள்கூட ஓடாது. ஆனால் பசுந்தேயிலை விற்று வாழ்கிறவர்கள் படிப்பதற்குப் பணம் கொடுக்க முன்வருகிறார்கள் என்பதை உங்கள் நிர்வாகக் கூட்டத்தில் யாரேனும் சொல்ல வேண்டும்.

சென்ற வாரம் ஒரு தம்பி நகைக் கடன் பற்றிக் கேட்டு வந்தான். பழக்கத்தில் உங்கள் நகைக் கடன் கட்டுரையைத்தான் திறந்தேன். முதல் பத்திக்குக் கீழேயே பட்டன் இருந்தது, மூடிவிட்டேன். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட ஆணையை ஆங்கிலத்தில் தேடி எடுத்து, பேத்தியின் உதவியோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து படித்து, வேண்டியதை மட்டும் தமிழில் ஒரு தாளில் எழுதினேன். இந்த விதிகளை 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று அந்த ஆணை சொல்லியிருந்தது. இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை, அதற்குமேல் ஐந்து லட்சம் வரை 80, அதற்கும் மேலே 75. கடனைக் கட்டி முடித்தால் ஏழு வேலை நாட்களுக்குள் நகை திரும்ப வேண்டும், கடன் கொடுத்தவரின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கடைசி வரியாக, இவ்வளவு கிடைக்கிறது என்பதற்காக இவ்வளவும் வாங்க வேண்டாம் என்று எழுதினேன். அந்தத் தாள் இப்போது ஆணியில் தொங்குகிறது. என் கையெழுத்து அவ்வளவு நன்றாக இருக்காது, "ழ" எது "மு" எது என்று கொட்டகையில் கேலி நடக்கிறது. உங்களிடமிருந்து நட்சத்திரக் குறியும் தேதியும் உள்ள ஒரு கட்டுரை வந்த அன்றே அதைக் கழற்றிவிட்டு உங்களுடையதை மாட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.